முறிந்த ராடு

நான் தட்டிப் பார்த்து நல்லதென்று சொன்ன எஞ்சின் கனெக்டிங் ராடு எதுவும் முறிந்ததே இல்லை. பொய். ஒன்று முறிந்தது.

இன்று காஜா பெராங்கில் எங்கள் பட்டறையில் பேரன் தன் ரேஸ் காருக்குப் புது ராடுகளைத் தட்டுகிறான். அந்தச் சத்தத்தில் வாசலிலேயே நின்றுவிடுகிறேன்.

நாடு சுதந்திரம் அடைந்த மெர்டேக்கா வருஷம். எனக்குப் பத்து வயது. படிப்பு ஏறாத மண்டையில் காது மட்டும் கூர்மை. சித்தப்பா பந்தய மோட்டார்சைக்கிளுக்கு ஒரே ஒரு பழைய ராடு தேடிப் பிடித்திருந்தார்.

"எனக்குக் காது மந்தம்டா, நீ கேளு. மணியாட்டம் கேட்டா மாட்டலாம். சட்டியாட்டம் கேட்டா விரிசல், பந்தயம் இல்ல."

சட்டிதான் கேட்டது. பந்தயம் பார்க்கிற ஆசையில், "மணியேதான் சித்தப்பா!" என்றேன்.

கிளேபாங் பந்தயத்தில், போன வேகத்தில் ராடு முறிந்து சித்தப்பா செத்துப்போனார். சித்தி சாகும்வரை அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. இன்றைக்குப் பேரனிடமாவது...

"தாத்தா! நாலாவது ராடு ஒரு மாதிரி கேக்குது. வந்து கேட்டுச் சொல்லுங்க லா!"