பிளக்கைப் பிடுங்குகிறவள்

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். அணைப்பதற்கென்று ஒரு பொத்தான் இருப்பது அவளுக்குத் தெரியும். அதன் பக்கமே போகமாட்டாள். திரை கறுத்ததும் கட்டைவிரல் நகத்தைக் கடித்தபடி நிற்பாள். பிறகு பிளக்கை மாட்டி, கடைசியாக எழுதிய கோப்பு உயிரோடு இருக்கிறதா என்று திறந்து பார்ப்பாள். பயிற்சி வகுப்பில் அவளுக்கு ‘பிளக்கு’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறாள்.

பகலெல்லாம் தட்டச்சுக் கடையில் இருக்கிறாள். அக்கா தட்டச்சு செய்வாள். இவள் அச்செடுத்து, முனை மடங்காமல் உறையில் போட்டுக் கொடுப்பாள். மாலையில் வகுப்பு. கோப்புகளைக் கணினியின் வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்கில், எழுதவும் காக்கவும் நிரல் எழுதுவதுதான் அங்கே பாடம். முதல் நிரலை அவரவரே தேர்ந்தெடுக்கலாம் என்றார் மாஸ்டர்.

“ஒரு ஃபோல்டர்ல என்னென்ன இருக்குன்னு காட்டு. இல்லன்னா, ஒரே ஃபைல் ரெண்டு எடத்துல இருந்தா கண்டுபிடி. சின்னதா ஆரம்பிம்மா.”

“கரெண்டு போனாலும் ஃபைல் அழியக்கூடாது சார். அதத்தான் செய்யப்போறேன்.”

“அதெல்லாம் புதுசா கத்துக்கறவங்களுக்கு இல்ல.”

“கரெண்டு ஆள் பாத்தா சார் போகுது?”

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

காரணம் கடையில் இருந்தது. ஒருநாள் மின்சாரம் போய் வந்ததில், அக்கா காலையிலிருந்து அடித்த பக்கங்கள் வெறுமையாகத் திரும்பின. “இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்” என்றார் முதலாளி. அன்றிலிருந்து அக்கா வரிக்கு வரி நிறுத்தி, சேமிக்கும் பொத்தானை மூன்று முறை அழுத்துகிறாள்.

“விரல் தேஞ்சிடப் போகுதுக்கா.”

“தேயட்டும். வேலை இருந்தா போதும்டி.”

முதல் முயற்சியில் பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதினாள். எழுதத் திறந்த கணமே பழையது காலியாகிவிடும் என்பது பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் உறைத்தது. அடுத்து, புதியதைத் தனிக் கோப்பில் எழுதி, அதற்குப் பழைய பெயரைச் சூட்டினாள். பிடுங்கினாள். பெயர் இருந்தது, உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை. எழுதியது வட்டில் போய்ச் சேருமுன்பே பெயரை மாற்றியிருக்கிறாள்.

“ஃபோல்டர் ப்ரோக்ராமே செஞ்சிருக்கலாம்ல?” என்றான் பக்கத்து மேசைக்காரன்.

“அதான் நீ செஞ்சிட்டியே. ஊருக்கு எத்தன வேணும்?”

வட்டில் சேர்ந்துவிட்டதா என்று உறுதிசெய்த பிறகே பெயரை மாற்றும்படி திருத்தினாள். மறுபடி பிடுங்கினாள். கோப்பு அழியாமல் நின்றது. எந்தக் கட்டத்தில் பிடுங்கினாலும் நின்றது. அந்த நிரலைக் கொண்டுவந்து கடையில் அக்காவின் கணினியில் போட்டாள்.

“வரி முடிஞ்சா அதுவே சேவ் பண்ணிக்கும். நீ எதையும் அழுத்தாத.”

அக்கா வாடிக்கையாளர் ஒருவரின் பக்கத்தை அடிக்கத் தொடங்கினாள். வரி முடியும்போதெல்லாம் விரல் பொத்தானை நோக்கிப் போய்த் திரும்பியது. பாதிப் பக்கத்தில் நிறுத்தி, தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தானே குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

மாட்டித் திறந்தபோது அடித்ததெல்லாம் அப்படியே இருந்தது. அரைகுறையாய் நின்ற கடைசி வரி மட்டும் இல்லை. அதை அடித்து முடித்தாள் அக்கா. வாசலில் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் உள்ளே வரும்வரை காத்திருந்து, அவர் பார்க்கப் பார்க்க, மறுபடியும் பிளக்கைப் பிடுங்கினாள்.