சுவரூபராணி சிஸ்டரின் காஜா டப்பா

சிம்மாசலம் இந்தச் சங்கராந்திக்கு மறுநாள் செத்துப்போனார். சுவரூபராணி சிஸ்டர் போய் நாலு வருஷமாகிறது. இனி நான் வாயைத் திறந்தால் வலிக்க வேண்டியவர்கள் யாரும் இல்லை, என்னைத் தவிர. பைடிவாடா அரசு ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். அங்கே ஒரு மத்தியானம் நடந்ததை இத்தனை காலமும் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தேன்.

இந்த ஊரில் இன்றைக்கும் சிஸ்டரின் பெயரைச் சொன்னால், தப்பு ஊசி போட்டுப் பொம்பளையைக் கொன்றவள்தானே என்று கேட்கிறார்கள். டீக்கடையில் அப்படிக் கேட்ட ஒருவனின் தாயாருக்கு, மூன்று வாரம் படுக்கைப்புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டவர் அதே சிஸ்டர். அதை எடுத்துச் சொன்னேன். அவன் கண்ணாடி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான். ஊருக்கு நல்லதை மறப்பது மட்டும் நன்றாக வரும்.

சுவரூபராணி சர்ச்சில் மணியடிப்பவரின் மகள். மிஷன் விடுதியில் தங்கிப் படித்து, விசாகப்பட்டினத்தில் நர்ஸ் பயிற்சி முடித்தவர். புருஷன் லாரி ஓட்டி. ஒரிசாவுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். ஒரே மகளை ராய்ப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டு, பெண்கள் வார்டையே வீடாக்கிக்கொண்டார். குட்டையான உருவம், கனத்த குரல். வார்டில் அவர் பேசினால் கீழே என் கிடங்கில் கேட்கும்.

மருந்து விஷயத்தில் அவர் ஒரு பைத்தியம். ஒவ்வொரு மருந்தின் பெயரையும் மூன்று தடவை படிப்பார். எடுக்கும்போது ஒரு தடவை, ஊசியில் ஏற்றும்போது ஒரு தடவை, காலியானதை எறியும்போது ஒரு தடவை. அதுவும் வாய்விட்டு. டாக்டர் கூர்மநாதம் ஒருமுறை, என்ன சிஸ்டர், ஜெபமா என்று கேலி செய்தார். உங்க கையெழுத்தைப் படிக்கிறதுக்கு ஜெபம்தான் சார் பண்ணணும் என்று அவர் திருப்பிக் கொடுத்ததில் வார்டே சிரித்தது. சீக்கிரம் குணமாக வேண்டுமென்று ஒரு வாரத்து மாத்திரையை இரண்டு நாளில் விழுங்கிவிட்டு மயங்கி வந்த ஒருத்தியை, ஒரு வாரச் சோத்தை ஒரு வேளைல திம்பியாடி என்று திட்டிக்கொண்டே வாந்தி எடுக்கவைத்தார். எனக்கு அவரைப் பிடிக்கும். சண்டையும் வரும். கிடங்கில் மருந்து இல்லாத நாட்களில் நான் 'ஸ்டாக் இல்லை' என்று எழுதி அனுப்பும் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, மேலிருந்தே நரசய்யா என்று என் பெயரைச் சொல்லித் திட்டுவார்.

அந்தச் சீட்டுகளால் வந்ததுதான் காஜா டப்பா.

கிடங்கில் இல்லாத மருந்தை நோயாளியின் வீட்டார் எதிர்க்கடையில் வாங்கி வர வேண்டும். வாங்கியதில் பாதி தீர்வதற்குள் நோயாளி செத்துப்போனால், மீதி மருந்துப் பையைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். செத்தவருக்கு வாங்கிய மருந்தை எங்கள் பக்கத்தில் யாரும் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள், கடையில் திருப்பிக் கொடுக்கவும் மாட்டார்கள். அது அடுத்த சாவைக் கூட்டிக்கொண்டு வருமாம். அந்தப் பைகளைக் குப்பையில் போட சிஸ்டருக்கு மனசு வரவில்லை. மகள் கல்யாணத்துக்குக் காஜா இனிப்பு வந்த பெரிய தகர டப்பா ஒன்றை, உள்ளே அட்டை வைத்துத் தடுத்து, தன் மேஜைக்குக் கீழே வைத்தார். ஒரு தடுப்பில் ஊசி மருந்து, ஒன்றில் மாத்திரை, ஒன்றில் மருந்துத் தூளைக் கரைக்கிற சுத்தத் தண்ணீர்க் குப்பிகள். கடைக்குப் போக வழியில்லாதவர்களுக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுப்பார். சட்டப்படி தப்பு. எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். எங்கள் இருவர் மானத்தையும் காப்பாற்றிய டப்பா என்பதால் யாரும் பேசவில்லை. அன்றாடம் டப்பாவில் விழுந்ததையெல்லாம் சாயங்காலம் நாலு மணிக்கு ஒவ்வொன்றாகப் படித்துப் பிரித்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

நூகாலு என்ற பெண் நிமோனியாவோடு வந்து சேர்ந்தது ஆடி மாதக் கடைசியில். முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் சிம்மாசலம் சணல் மில் தொழிலாளி. மில் மூடி ஏழு மாதம் ஆகியிருந்தது. கூட இருக்க வேறு பெண் துணை இல்லாததால், பெண்கள் வார்டில் ஆண் தங்கக் கூடாது என்ற விதியைச் சிஸ்டர் பகலில் மட்டும் மறந்துவிட்டார். சிம்மாசலம் ஒரு சட்டி கேழ்வரகு அம்பலியை வைத்துக்கொண்டு, அவளுக்குக் கொஞ்சம் புகட்டி, மீதியைத் தான் குடித்துக்கொண்டு கட்டிலடியில் உட்கார்ந்திருப்பார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். வார்டில் தண்ணீர் பிடித்து வைப்பார், கிழவிகளின் போர்வையை மடித்து வைப்பார்.

மூன்றாம் நாள் அவளுடைய ஆன்டிபயாடிக் கிடங்கில் தீர்ந்தது. நான் சீட்டு எழுதினேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு சிம்மாசலம் மாடிப்படியில் நின்றதை நானே பார்த்தேன், மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல். சிஸ்டர் அவரிடமிருந்து சீட்டைப் பிடுங்கிக் கிழித்துவிட்டு டப்பாவைத் திறந்தார். அன்றிலிருந்து நூகாலுவுக்கு ஊசி அதிலிருந்துதான். காய்ச்சல் இறங்கியது. ஐந்தாம் நாள் காலையில் அவள் எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டாள்.

அன்று காலை பக்கத்துக் கட்டில் கிழவி இறந்தாள். வாந்தி பேதியில் வந்தவள். அவளுக்குப் பொட்டாசியம் வாங்கச் சொல்லியிருந்தார்கள். அது நம் உடம்பில் இருக்கிற உப்புதான். வாந்தி பேதியில் அது வற்றிப்போனால் இதயம் தடுமாறும். ஒரு பெரிய பாட்டில் சலைனில் கலந்து மணிக்கணக்காகச் சொட்டவிட்டால் பிழைக்கவைக்கும். கலக்காமல் ரத்தக்குழாயில் ஒரே தள்ளாகத் தள்ளினால் இதயம் அப்படியே நின்றுவிடும். அதுவும் தண்ணீரும் ஒரே கம்பெனியின் ஒரே அளவு பிளாஸ்டிக் குப்பியில்தான் வந்தன, அதே நீல எழுத்தில். அதைச் செய்தவனை எந்த விசாரணையும் இதுவரை கூப்பிடவில்லை.

கிழவியின் வீட்டார் வழக்கம்போலப் பையை விட்டுவிட்டுப் போனார்கள். பதினொரு மணிக்கு நான் கணக்கு நோட்டில் கையெழுத்து வாங்க மேலே போனேன். சிஸ்டர் பிணத்தை அனுப்புகிற தகராறில் வாசலில் இருந்தார். மேஜைக்குக் கீழே சிம்மாசலம் குந்தி உட்கார்ந்து, அந்தப் பையிலிருந்ததை டப்பாவுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் மில்லில் அவர் வேலையே நூல்கண்டுகளைத் தினுசு பார்த்துப் பிரித்து அடுக்குவது. குப்பியைக் குப்பியோடு, அட்டையை அட்டையோடு, விளிம்பு தவறாமல் வைத்தார்.

"சிஸ்டரம்மா எங்களுக்கு எவ்வளவோ குடுத்தாங்க பாபு. நம்ம கையாலயும் ஏதாவது போடணும்ல" என்றார் என்னைப் பார்த்து.

"நல்லாத்தான் அடுக்குறே" என்று சொல்லிவிட்டு நான் இறங்கி வந்துவிட்டேன். மருந்து படித்துச் சான்றிதழ் வாங்கி மாட்டி வைத்திருக்கிற நான், குனிந்து ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டு மணி ஊசிக்கு சிஸ்டர் வந்தார். நாற்பத்திரண்டு நோயாளிகளுக்கு அன்று அவர் ஒருவர்தான் நர்ஸ். நூகாலுவின் மருந்துத் தூளை எடுத்துப் பெயர் படித்தார். தண்ணீர்த் தடுப்பில் கைவிட்டு ஒரு குப்பியை எடுத்துக் கரைத்து, ஊசியில் ஏற்றி அவள் கை நரம்பில் தள்ளத் தொடங்கினார். மருந்தை மூன்று தடவை படிக்கிறவர், தண்ணீரைப் படிக்கவில்லை. தண்ணீரை யார் படிப்பார்கள்? நூகாலு கை எரியுது சிஸ்டரம்மா என்றாள். எரியும், கொஞ்சம் பொறுத்துக்கோ என்றார். அவள் மறுபடியும் எரியுதென்று கையை இழுத்தபோது, ஏதோ தோன்றித் தட்டிலிருந்த காலிக் குப்பியை எடுத்துப் பார்த்தார். அதற்குள் பாதிக்கு மேல் உள்ளே போயிருந்தது.

கால்சியம், நரசய்யா, கால்சியம் என்று அவர் கத்தியது கிடங்கில் கேட்டது. அந்த உப்பின் பிடியிலிருந்து இதயத்தை இழுக்கிற மருந்து அது. அன்று அது என்னிடம் இருந்தது. இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினேன். டாக்டர் கூர்மநாதம் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தார். கால்சியம் போட்டோம். அரை மணி நேரம் மாற்றி மாற்றி அமுக்கினோம். வாரிய தலை கலையாமல் அவள் அப்படியே கிடந்தாள்.

டாக்டர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். "நிமோனியா கேஸ், ஹார்ட் நின்னுடுச்சு. அவ்வளவுதான் சிஸ்டர். எழுதிடறேன்" என்றார்.

"எழுதுங்க சார். எதனால நின்னுதுன்னும் எழுதுங்க" என்றார் சிஸ்டர்.

அம்பலிச் சட்டியைக் கழுவப் பின்பக்கத்துக் குழாயடிக்குப் போன சிம்மாசலம், வரிசையில் நின்று இன்னும் திரும்பவில்லை. அவரிடம் விஷயத்தைச் சொல்லப் போகுமுன் சிஸ்டர் டப்பாவைத் திறந்து பார்த்தார். தண்ணீர்த் தடுப்பில், தண்ணீர்க் குப்பிகளின் வரிசையிலேயே, இன்னொரு பொட்டாசியம் விளிம்பு தவறாமல் அடுக்கியிருந்தது. யார் போட்டது என்று கேட்டார். சொன்னேன். பிறகு அந்தக் குப்பியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"நீங்க பாத்தது உங்களோடயே இருக்கட்டும் நரசய்யா காரு."

நான் கோபப்பட்டேன். உங்க வேலை போயிடும், ஜெயில்கூட வரலாம், உள்ளதைச் சொன்னால் பாதிப் பழியாவது குறையும் என்றேன். அதில் என் பழியும் குறையும் என்ற கணக்கு இருந்ததா என்று கேட்டால், இருந்திருக்கலாம்.

"படிக்க வேண்டியவ நான். படிக்கல. அதுல பாதி ஏது?" என்றார். "அந்த மனுஷன் நன்றிக்குப் போட்டாரு. அவர் கையாலதான் பொண்டாட்டி செத்தான்னு தெரிஞ்சா, இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நாகாவளி ஆத்துல விழுந்துடுவாரு. நீங்க போய்த் தூக்குவீங்களா?"

குழாயடியில் ஈரத் தரையில் சிம்மாசலத்தின் எதிரே உட்கார்ந்து சிஸ்டர் சொன்னார். பூட்டின அலமாரியிலிருந்து நானே தப்பான குப்பியை எடுத்துவிட்டேன், படிக்காமல் போட்டுவிட்டேன், உங்கள் மனைவி என்னால் செத்துப்போனாள் என்று. டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சிம்மாசலம் சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

"எனக்குத்தான் எழுத்துத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே சிஸ்டரம்மா" என்றார்.

விசாரணையிலும் சிஸ்டர் அதையே சொன்னார். பூட்டி வைக்க வேண்டிய ஆபத்தான மருந்தை வெளியே எடுத்து வைத்தது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றார். டப்பாவை முந்தின நாளே நான் கொண்டுபோய்க் குழியில் புதைத்திருந்தேன். என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்னவற்றில் எனக்கு வெட்கமாக இருப்பது அந்தப் பொய் இல்லை. 'நல்லாத்தான் அடுக்குறே' என்று சொன்னதுதான்.

ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கும்போது அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். கேஸ் ஆறு வருஷம் இழுத்தது. சாலூரில் தங்கை வீட்டு மாடியில் ஓர் அறையில் இருந்தார். நான் வருஷத்துக்கு ஒரு தடவை போவேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு காய்ச்சல் மாத்திரைக்குக்கூட அவரிடம் யோசனை கேட்க மாட்டார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போகிற ஒவ்வொரு தடவையும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். சிம்மாசலம் இருக்கிறாரா, சாப்பிடுகிறாரா?

சிஸ்டரை அடக்கம் செய்த மறுவாரம் சிம்மாசலம் என் கிடங்கு ஜன்னலுக்கு வந்தார், ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டோடு. தலை முழுக்க நரைத்திருந்தது. மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் மாத்திரையை எண்ணும்போது, அந்தம்மா போயிட்டாங்களாமே என்றார். ஆமாம் என்றேன்.

"என்னால மன்னிக்க முடியல பாபு. எத்தனையோ முயற்சி பண்ணேன். கோயிலுக்குக்கூடப் போய்ப் பாத்தேன், முடியல." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஆனா அவங்க வெச்சிருந்த டப்பா நல்ல டப்பா. அதுல பொய் சொல்லக் கூடாது. நூகாலு போன அன்னிக்குக் காலையில நான்கூட அதுல ஒரு பை மருந்து போட்டேன், நீங்க பாத்தீங்களே. அது யாருக்காவது உதவுச்சா?"

நாக்கு நுனி வரை வந்தது. சிஸ்டருக்காகவாவது உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சிம்மாசலம் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதவுச்சு" என்றேன்.

"அது போதும் பாபு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாத்திரை அட்டையின் பெயரை வாய்விட்டு மூன்று தடவை படித்தேன். காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு என்று சொல்லி அவர் கையில் கொடுத்தேன்.