கலியமூர்த்தியின் காது

விருத்தாசலத்தில் நாங்கள் வேலை பார்த்த பீங்கான் யூனிட்டில் கலியமூர்த்தி அண்ணனுக்குத் தட்டிப் பார்க்கிற வேலை. சூளையிலிருந்து வந்த ஃப்யூஸ் கட்டைகளை இரண்டிரண்டாக எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டுவார். கணீரென்றால் பெட்டிக்கு, மொத்தென்றால் குப்பைக்கு. கண்ணுக்குத் தெரியாத விரிசல் அவர் காதுக்குத் தெரியும். எதிரில் உட்கார்ந்து பெட்டியில் அடுக்குவது என் வேலை.

அந்த மண் தூசியில் இருமாதவர்கள் யாருமில்லை. அதையும் அவர் தலை நிமிராமலே பிரித்துச் சொல்லிவிடுவார்.

"இது மண்ணு இருமல். அது பீடி இருமல். டேய் சாமிதுரை, ஒன்னுது பொய் இருமல்டா, போயி லோடு எறக்கு."

2009இல் பன்றிக் காய்ச்சல் செய்தி தினமும் பேப்பரில் வந்தது. டீ குடிக்கையில் எல்லோரும் அவரைத்தான் கேட்டார்கள்.

"வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி ஒரு காய்ச்சல் வருதா இல்லியா? அதுல போறவங்க யாரு? எழுவது, எம்பது ஆனவங்க. இதுவும் அதே மாதிரிதான். பேருதான் புதுசு. வயசுப் புள்ளைங்கள என்னாடா பண்ணும்?"

கேட்க நிம்மதியாக இருந்தது.

அவருடைய ஒரே மகள் பூர்ணிமா. கல்யாணத்துக்கு முன் எங்கள் யூனிட்டில் பொம்மைகளுக்கு வர்ணம் பூசியவள். வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்திருந்தாள். அவளுக்குக் காய்ச்சல் வந்த மறுநாள், வேப்பூரிலிருந்து மருமகன் யூனிட்டுக்குப் போன் செய்தார். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொல்லியிருப்பார் போல.

"அவ இருமறத நான் கேட்டுட்டேன் மாப்ள. மண்ணு இருமல்தான், நாலு வருஷம் இந்தத் தூசியில கெடந்த ஒடம்பு. காய்ச்சலு வழக்கமா வரதுதான். சின்ன வயசு, தாங்கும்."

நான்காம் நாள் மூச்சு வாங்கியது. கடலூருக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் சொன்னதை அவர் பிற்பாடு வார்த்தை மாறாமல் என்னிடம் சொன்னார்: "வழக்கமான ஃப்ளூன்னா வயசானவங்களுக்குத்தான் அதிக பயம். இது வயசுப் புள்ளைங்களையும் வுடல. அதுலயும் மாசமா இருக்கறவங்கள ரொம்ப படுத்துது. மாத்திர இருக்குது. மொத ரெண்டு நாள்ல வந்திருக்கணும்."

பூர்ணிமா வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள்.

காரியம் முடிந்து வேலைக்கு வந்தார். தட்டினார். கணீரென்றதைக் குப்பையில் போட்டார். எடுத்து மறுபடி தட்டினார். என் பெட்டி நிறையவே இல்லை. முதலாளி பார்த்துவிட்டுப் போனார். இருமல் வந்தால் நாங்கள் வெளியே ஓடிப்போய் இருமினோம்.

ஒருநாள் அடக்க முடியாமல் அவர் எதிரிலேயே இருமிவிட்டேன். கையிலிருந்த கட்டைகளைக் கீழே வைத்தார்.

"எழுந்திரு."

"சும்மா மண்ணு இருமல்தாண்ணே."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்? எழுந்திருடா."

சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டார். வழியில் நான் இருமும்போதெல்லாம் மிதி வேகமானது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார்.

"காய்ச்சல் இல்ல, நெஞ்சுல சளி இல்ல. பீங்கான் தூசிதான். பயப்படாதீங்க."

"எப்பிடிங்க சொல்றீங்க?" என்றார் அண்ணன்.

"சத்தத்துலயே தெரியுதுங்களே."

அண்ணன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தபா கேளுங்க ஐயா. நல்லா கேளுங்க."

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் குழாயை வைத்தார். நான் மூச்சை இழுக்கப் போனேன், இருமல் வந்துவிட்டது.

கலியமூர்த்தி அண்ணன் இரண்டு கைகளாலும் தன் காதுகளைப் பொத்திக்கொண்டு நின்றார்.