திமிர்வாதக்காரன் பேசாத வரி

1984 ஜூன் 3 — 5
1990 ஜனவரி 7 — 10
2001 ஜனவரி 7 — 50
2010 ஜனவரி 3 — 100
2015 ஜூன் 7 — 100

ஒரு பெண்ணின் பெயரில் ஒரு சபைக்குக் கட்டப்பட்ட மாதச் சந்தா இது. முதல் தவணையும் கடைசித் தவணையும், இடையில் தொகை உயர்ந்த மூன்று ஞாயிறுகளும் இதில் இருக்கின்றன. நடுவில் ஒரு மாதமும் விடுபடவில்லை. ஆனால் அந்தப் பெண் அந்தச் சபையின் உறுப்பினர் அல்ல. ஞானஸ்நானம் வாங்காதவர் உறுப்பினராக முடியாது.

கட்டிவந்தவர் அவருடைய கணவர். சபையின் அச்சகத்தில் பிழை திருத்துபவர். அங்கே எல்லோருக்கும் அவர் ‘கமா’. பேச்சிலும் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, மூச்சு விட்டுத்தான் தொடர்வார் என்பதால் வந்த பெயர்.

அவர்களுடையது பதிவுத் திருமணம். மணமான புதிதில் மனைவி ஞானஸ்நான வகுப்புக்குப் போகத்தான் செய்தார். மூன்றாவது வகுப்பில் அப்போதைய போதகரிடம் ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, எங்க அப்பா அம்மா காலமாயிட்டாங்க. அவங்க இப்ப எங்க இருப்பாங்க?” போதகர் மழுப்பத் தெரியாத மனிதர். சபையின் போதனை என்னவோ அதை அப்படியே சொன்னார். மனைவி குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

“அவங்க அங்க வெந்துகிட்டு இருக்க, நான் மேல உக்காந்து உங்ககூடப் பாட்டுப் பாடணுமாக்கும். எனக்குத் தோதுப்படாதுங்க.”

கமா வற்புறுத்தவில்லை. மனைவியும் ஞாயிறு தவறாமல் சபைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, சுருதி சேராமல் எல்லாப் பாட்டும் பாடினார். ஒரே ஒரு ஆசை மட்டும் அவ்வப்போது சொல்வார். “கல்லறையில உங்க பக்கத்துல கொஞ்சம் இடம் வாங்கி வைங்க. உங்க குறட்டை இல்லாம எனக்குத் தூங்கிப் பழக்கமில்ல.” சபைக் கல்லறையில் கமாவின் பெற்றோர் கிடந்தார்கள். அவருக்கும் அங்கே இடம் உண்டு. மனைவிக்கு இல்லை. அதற்கும் ஞானஸ்நானம் வேண்டும். இருக்கட்டும், காலம் கிடக்கிறது என்று இருவரும் நினைத்திருந்தார்கள்.

கடைசித் தவணை கட்டிய நான்காம் நாள், ஜூன் 11ஆம் தேதி, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி அப்படியே சரிந்தார். வலது பக்கம் முழுதும் போயிற்று. பேச்சும் போயிற்று. இடது கை மட்டும் பிடித்தால் திரும்பப் பிடிக்கும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து கூடவே இருந்தாள். இனிச் சில மாதங்கள்தான் என்றார் மருத்துவர்.

ஆகஸ்டில் அச்சகத்துக்கு ஞானஸ்நான ஆராதனைப் புத்தகத்தின் புதிய பதிப்பு வந்தது. முதல் புரூஃபில், மீட்பு கிருபையினால் என்று இருக்க வேண்டிய இடத்தில் கிரியையினால் என்று இருந்தது.

“ரெண்டு எழுத்துதானேண்ணே,” என்றார் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் பெண்.

“ரெண்டு எழுத்துலதான்மா எல்லாமே தலைகீழாப் போகுது. ஒண்ணு ஆண்டவர் சும்மா குடுக்கிறது. இன்னொண்ணு நாம செஞ்சு வாங்கிக்கிறது.”

“அப்ப எனக்குக் கிரியை வேணாம். சம்பளத்துக்கு டைப் அடிக்கிறதே போதும்.”

கமா சிரித்துக்கொண்டே சிவப்பு மையால் அடித்துத் திருத்தினார். அதே பக்கத்தின் அடியில் மூன்று கேள்விகளும் ஒரு குறிப்பும் இருந்தன. ஞானஸ்நானம் பெறுபவர் மூன்றுக்கும் தம் வாயினாலே பதில் சொல்ல வேண்டும். அந்த வரியில் ஒற்றுப்பிழைகூட இல்லை. பேனா அதன் மேலேயே நின்றது. வாயைத் திறந்து சொல்வதும் மனிதன் செய்கிற ஒரு செயல்தானே? அதைச் செய்ய முடியாதவளுக்குக் கிருபை கிடையாது என்றால், மேலே இப்போது திருத்தியது எதற்கு? எழுத்துப் பிழையைத் திருத்த அவருக்கு அதிகாரம் உண்டு. கருத்தில் கை வைக்க இல்லை. பக்கத்தைப் புரட்டினார்.

மனைவிக்கு வேதம் வாசித்துக் காட்டுவது அவர் வழக்கம். அந்த வாரம், கை கால் விளங்காத திமிர்வாதக்காரனின் கதை வந்தது. நான்கு பேர் அவனைப் படுக்கையோடு தூக்கி வருகிறார்கள். வாசலில் கூட்டம். வீட்டுக் கூரையைப் பிரித்து உள்ளே இறக்குகிறார்கள். இயேசு அவர்களுடைய விசுவாசத்தைப் பார்த்து அவனை மன்னிக்கிறார். கமா அங்கே நிறுத்தினார். அவன் ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமே. வரி விடுபட்டுப் போவது அச்சில் சகஜம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேலும் கீழும் தேடினார். மறுநாள் அச்சகத்தில் இருந்த மற்ற இரண்டு பதிப்புகளையும் எடுத்து ஒத்துப் பார்த்தார். எதிலும் ஒரு வரி குறையவில்லை. அவன் வாயே திறக்கவில்லை. யாரும் அவனை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அன்று மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். காலையில் குடித்த காபி டம்ளர்கூட இன்னும் கட்டிலருகில் இருந்தது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கேட்டியா, அவன் ஒரு வார்த்தை பேசல. தூக்கிட்டு வந்தவங்களைப் பாத்தே குடுத்துட்டார்.” கொஞ்சம் நிறுத்தினார். “உங்க அப்பா அம்மாவைக்கூட யாராவது தூக்கிட்டுப் போயிருக்கலாம். எனக்குத் தெரியல. ஆனா இல்லைன்னு சொல்ல நாம யாரு?”

இதைச் சொல்ல முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. மனைவியின் வலது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஆனால் விழுந்த நாள் முதல் அந்தக் கண்ணில் நீர் வடிந்துகொண்டேதான் இருந்தது.

“உனக்கு ஞானஸ்நானம் வேணுமா? வேணும்னா கையைப் பிடி.”

மனைவி கையைப் பிடித்தார். “வேண்டாம்னாலும் பிடி,” என்றார் கமா. அதற்கும் பிடித்தார்.

மகள் தலையணையைச் சரிசெய்தபடி சொன்னாள். “தண்ணி வேணுமான்னு கேட்டாலும் அப்படித்தான்ப்பா பிடிக்கிறாங்க.”

இப்போதைய போதகர் இளையவர், நல்லவர். கமா வீட்டுக்கு அழைத்து ஞானஸ்நானம் கேட்டபோது, திண்ணமாக மறுக்கவும் முடியாமல் சம்மதிக்கவும் முடியாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“சட்டம் நான் எழுதலண்ணே.”

“அந்தத் திமிர்வாதக்காரன் வாயைத் திறந்தானா, ஐயா?”

“அது ஆண்டவர் செஞ்சது. நான் ஆண்டவர் இல்லையே. அக்கா சம்மதிச்சாங்கன்னு நீங்களாவது உறுதியா சொல்வீங்களா?”

கமாவால் சொல்ல முடியவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

மகள் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். “மாசாமாசம் சந்தா வாங்கும்போது மட்டும் யாரும் அம்மாவை எந்தக் கேள்வியும் கேக்கல.”

போதகர் தலை குனிந்துகொண்டார். பிறகு, “பேராயருக்கு எழுதிப் பாப்போம்ணே. நானும் கையெழுத்துப் போடுறேன்,” என்றார்.

செப்டம்பர் 2ஆம் தேதி எழுதினார்கள். மருத்துவச் சான்று அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. அனுப்பினார்கள். திருமணச் சான்றின் நகல் கேட்டு அடுத்த பதில் வந்தது. அதையும் அனுப்பினார்கள். பேராயரின் ஆலோசனைக் குழுவின் பார்வையில் இருக்கிறது என்று ஓர் அட்டை வந்தது.

அக்டோபர் 21, புதன்கிழமை, மகள் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோதே மனைவி போய்விட்டார். கமா அப்போது அச்சகத்தில் இருந்தார்.

பொதுக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். போதகர் அங்கி அணியாமல், பக்கத்து வீட்டுக்காரரைப் போல அரைக்கைச் சட்டையில் வந்து நின்றார். அவர் ஜெபிக்கச் சொன்னபோது கமா வேதத்தைத் திறந்து, கூரையைப் பிரித்த கதையை வாசித்தார். முடிந்ததும் மகள் கேட்டாள்.

“அம்மா இப்ப எங்கப்பா இருப்பாங்க?”

“தெரியலம்மா. அவர்கிட்டதான்னு நம்புறேன். அதுக்கு மேல எனக்கு ஆதாரம் இல்ல.”

மறு வாரம் அவர் பொதுக் கல்லறையின் அலுவலகத்துக்குப் போனார். மனைவிக்குப் பக்கத்து இடத்தைத் தன் பெயருக்கு எழுதித் தரச் சொன்னார்.

“இங்க முன்பதிவெல்லாம் கிடையாது, பெரியவரே,” என்றார் எழுத்தர். “வர்ற வரிசைதான். அடுத்து யாரு வர்றாங்களோ அவங்களுக்கு.”

“சபைக் கல்லறையில எனக்கு இடம் இருக்கு. அதை விட்டுட்டுத்தான் கேக்கறேன்.”

“அது அவங்க பாடு. அந்தப் பக்கத்து இடம் நேத்தே போயிடுச்சு. ஒரு லாரி டிரைவர்.”

போய்ப் பார்த்தார். ஈர மண் குவிந்திருந்தது. டிரைவரின் சகோதரி மட்டும் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தன் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

அதன் பிறகு பேராயர் அலுவலகத்திலிருந்து இன்னும் ஒரு கடிதம் வந்தது. இத்தகைய நோயாளிகளின் கையசைவை வாய்மொழிப் பதிலாகவே ஏற்றுக்கொள்ளக் குழு இசைந்திருப்பதாகவும், ஞானஸ்நானத்தைத் தாமதமின்றிக் கொடுக்கலாம் என்றும் அதில் இருந்தது. கமா அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு போதகரிடம் கொடுக்கச் சொல்லி மகளிடம் நீட்டினார். அந்தக் கடிதம் வந்தது நவம்பர் 9, திங்கட்கிழமை.