பாளையத்துக்கு வெளியே

மும்பை கோவண்டியில் இப்போதிருக்கும் வீட்டு ஜன்னலில் மழைக்காகப் புதுத் தார்ப்பாய் கட்டும்போது அதன் வாடை மூக்கில் ஏறியது. தாராவியில் எங்கள் குடிசைகளை இடித்த வாரம் நினைவுக்கு வந்தது.

பன்னிரண்டு குடும்பங்களும், தனி ஆளான பாக்கியம் அக்காவும் மைதானத்தில் தங்கினோம். எங்கள் ஞாயிறு பள்ளி வாத்தியார், வனாந்தரத்தில் இஸ்ரவேலர் இருந்ததுபோல, நடுவில் வேதாகமப் பெட்டியை வைத்து, நாலு பக்கமும் பக்கத்துக்கு மூன்று குடும்பமாகத் தார்ப்பாய்க் கூடாரம் போடச் சொன்னார். பாக்கியம் அக்காவுக்கு ஓயாத இருமல். வேதத்தில் நோயாளிகளை வைத்ததுபோல, அவளைக் கூடாரப் பாளையத்துக்கு வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்.

அம்மா எங்கள் கூடாரக் கழிகளைப் பிடுங்கினாள்.

"எங்கம்மா போற?" என்றார் வாத்தியார்.

"அவ ஒத்தையில கெடக்கா, ஐயா. நாங்களும் வெளியவே இருந்துக்கிடுதோம்."

அக்காவின் கூடாரத்துக்குப் பக்கத்தில் அம்மா கழிகளை நட்டாள். மறுநாள் காலையில் வாத்தியார் பெட்டியைத் தூக்கிவந்து எங்கள் இரண்டு கூடாரங்களுக்கும் நடுவில் வைத்தார். மற்றவர்கள் அதைச் சுற்றி மறுபடியும் கழி நட்டார்கள்.