கழற்ற நின்ற இடம்

டெல்லி ஜனக்புரியில் வாடகை அறையில் கழிந்த முதல் குளிர்காலத்தில், ஞாயிறு காலைகளில் இந்தியா கேட் வரை சைக்கிளில் போகும் ஒரு கூட்டத்தில் சேர்ந்தேன். குர்கானில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை. அலுவலகத்தில் பேச்சு உண்டு, எல்லாம் வேலைப் பேச்சு. சனி, ஞாயிறில் வாயே திறக்காத வாரங்கள் இருந்தன. சைக்கிள் வாங்கியதே அதற்காகத்தான்.

முதல் ஞாயிறு, கோயம்புத்தூரிலிருந்து அம்மா போனில் கூப்பிட்டாள்.

"கண்ணு, நல்லா மூடிக்கிட்டுப் போ. குளிரு நெஞ்சுல ஏறிக்கும்."

உள்ளே காட்டன் பனியன், அதன்மேல் தெர்மல், கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் தடித்த ஜாக்கெட். கிளம்பும்போது கதகதப்பாக இருந்தது. மற்றவர்கள் மெல்லிய உடையில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். பாவம் என்று நினைத்தேன்.

தௌலா குவான் மேம்பாலம் ஏறும்போதே வேர்த்து ஊற்றியது. இறங்கியதும் ஓரமாக நிறுத்தினேன்.

"பையா, ஏக் மினிட்!"

ஒரு நிமிஷம் நிற்கச் சொல்லி நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. மூடுபனிக்குள் அவர்கள் சைக்கிள்களின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

கையுறையோடு ஜிப் பிடிபடவில்லை. ஒருவழியாகக் கழற்றிய பிறகு ஜாக்கெட்டை வைக்க இடமில்லை. இடுப்பில் கட்டினால் தொங்கிய அதன் கை சக்கரத்தை உரசியது. கடைசியில் சுருட்டி ஹேண்டிலில் கட்டிக்கொண்டு ஓட்டினேன்.

இந்தியா கேட்டில் எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. டீ விற்றவரிடம் ஒரு டீ வாங்கிக்கொண்டு போனைப் பார்த்தேன். வாட்ஸப் குழுவில் புகைப்படம் வந்திருந்தது. எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிச் சிரிக்கிறார்கள். கீழே 'ஃபுல் டீம்' என்று எழுதியிருந்தது.

ஜாக்கெட் கழற்ற நின்றதில் பின்தங்கிவிட்டேன் என்று எழுதினேன். கூட்டத்தை நடத்துகிறவர் உடனே பதில் போட்டார்.

"அச்சா? ஆப் பீ ஆயீ தீ?"

நீங்களும் வந்திருந்தீர்களா என்று கேட்கிறார். போனை உள்ளே வைத்தேன்.

திரும்பும் வழியில் நனைந்த பனியன் முதுகில் பனிக்கட்டி போல ஒட்டிக்கொண்டது. ஜாக்கெட்டை மறுபடி மாட்டியும் நடுக்கம் நிற்கவில்லை. மறுநாள் காய்ச்சல். அம்மா போனில் கேட்டாள்.

"எல்லாரும் நல்லாப் பேசுனாங்களா கண்ணு?"

"பேசுனாங்கம்மா."

காய்ச்சலோடு படுத்திருந்தபோதுதான் அவர்கள் நடுங்கி நின்றதன் அர்த்தம் புரிந்தது. கிளம்பும்போது குளிர வேண்டும். மிதிக்க மிதிக்க உடம்பே சூடாகிவிடும். இப்போது பனியன் போடுவதில்லை. வேர்வையை உலரவிடும் மெல்லிய டீ-ஷர்ட், அதன்மேல் மெல்லிய கம்பளி ஸ்வெட்டர், காற்றைத் தடுக்க ஒரு விண்ட்சீட்டர். அது மடித்தால் பின்பாக்கெட்டில் அடங்கிவிடும். காதுக்கு ஒரு துணிப்பட்டை, விரல்களுக்குக் கையுறை. இவை இரண்டையும் மட்டும் வீடு வரும்வரை கழற்றுவதில்லை.

அந்தக் கூட்டத்தோடு பிறகு போகவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை. ஞாயிறுகளில் தனியாகவே போகிறேன். லோதி ரோடு பக்கம் வரும்போது மரங்களுக்கு மேல் வெயில் எட்டிப் பார்க்கும். நிறுத்தி, விண்ட்சீட்டரைக் கழற்றி, நிதானமாக மடிப்பேன். நடக்க வந்தவர்கள் இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொண்டே என்னைக் கடந்து போவார்கள். சில சமயம் அதில் தமிழும் கேட்கும். அது தூரத்தில் தேயும்வரை நின்றுவிட்டுத்தான் பெடலில் கால் வைப்பேன்.