நானாவின் படகுக்கு அடித்த பொலிஷ்

அறுபதுகளில் மாத்தளையில் எனக்கு அலுமாரி, கட்டில் செய்யும் பட்டறை ஒன்று இருந்தது. எங்கள் பக்கம் தச்சனைப் பாஸ் என்பார்கள்; இந்தப் பாஸின் பொலிஷில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று ஊரில் பேசுவார்கள். அந்தப் பேச்சு என் தலைக்கு ஏறியிருந்தது. இல்லாவிட்டால் ஒரு படகைப் போய் அலுமாரி என்று நினைத்திருப்பேனா?

லக்கலப் பக்கத்துக் குளமொன்றில் அரசாங்கப் படகு ஒன்று ஓடியது. வெள்ளைக்காரன் காலத்துப் படகு, முன்தளம் தேக்கு. பலகை தேய்ந்து, மரத்தின் வரிகள் மட்டும் மேடு மேடாக நின்றன. ஆணித் தலைகள் வெளியே தெரிந்தன, இடுக்குகளில் தண்ணீர் இறங்கியது. அதைச் சரிசெய்யத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். படகோட்டி என்னைவிட மூத்த முஸ்லிம் மனிதர், நானா என்று கூப்பிடுவேன். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக வேலை. அடுத்த வாரம் மாத்தளை அரசாங்கக் கந்தோரிலிருந்து பெரிய ஐயா வந்து, படகையும் ஆளையும் பார்த்து, வேலையை நிரந்தரமாக்குவதாக ஏற்பாடு.

இரண்டு பலகையை மாற்றினேன். ஆணிகளை ஆழ இறக்கி, மேலே தேக்குத் துண்டு வைத்து அடைத்தேன். நானா கறுப்புக் கீலைத் தார் போலக் காய்ச்சித் தந்தார், இடுக்குகளில் பஞ்சைத் திணித்து ஊற்றினோம். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். சீவி உப்புத்தாள் போட்ட தளம், குளித்துவிட்டு உடுத்தாமல் நிற்கும் ஆளைப் போல எனக்குத் தெரிந்தது. பொலிஷ் போத்தலை எடுத்தேன்.

“தம்பி, இதுக்கு மினுக்கம் வேணாம். நனஞ்ச காலோட ஏறுற எடம்,” என்றார் நானா.

மரத்தைப் பற்றி எனக்கா சொல்லித் தருகிறீர்கள் என்று சிரித்தேன். உண்மை வேறு. பெரிய ஐயாவின் கண்ணில் என் கைவேலை படவேண்டும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

ஐயா வந்தார். காய்ந்த சப்பாத்தோடு ஏறி, தளத்தைக் குனிந்து பார்த்து, பேஷ் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. நானா முழங்கால் தண்ணீரில் நின்று படகைத் தள்ளிவிட்டு, தினமும் தாவுவது போலத் தாவி ஏறினார். கால் வழுக்கியது. விழுந்த வேகத்தில் ஐயாவின் கையைப் பிடிக்க, இரண்டு பேரும் குளத்துக்குள் போனார்கள்.

கரையேறியபோது நானாவின் இடது மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “காலமையே குடிச்சுப்போட்டு வந்தனியோ?” என்றார். ஐந்து வேளை தொழுகிற மனிதரிடம் கேட்ட கேள்வி அது. நானா தளத்தைக் காட்டினார். ஐயா என் பக்கம் திரும்பினார்.

“பாஸ், பலகை வழுக்குதோ?”

“இல்லைங்க ஐயா. நல்ல தேக்குங்க.”

நானா என்னைப் பார்த்தார். நான் குனிந்து சீவுளியைத் துணியில் சுற்றினேன். அந்த மாதக் கடைசியோடு வேலைக்கு வரவேண்டாம் என்று அவருக்குச் சொல்லிவிட்டார்கள்.

பத்து நாள் சோறு இறங்காமல், கடைசியில் பஸ் ஏறிப் போனேன். இடது கையில் கட்டோடு நானா தளத்தில் குந்தியிருந்தார். மணலும் தேங்காய் நார்ப் பொச்சும் வைத்து, ஒற்றைக் கையால் என் பொலிஷைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். புதிதாக வருகிற ஆள் விழுந்துவிடக் கூடாதாம். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நானும் ஒரு பொச்சை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமலே பேசினார். “வேல போனா போகுது தம்பி. என் மகளோட மாமியார் வீட்டுல, ஒங்க வாப்பா குடிப்பாராமேன்னு கேக்குறாங்களாம். ஐயாக்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க.”

நாளைக்கே சொல்கிறேன் என்று சாமி மேல் சத்தியம் பண்ணினேன்.

மறுநாள் காலையில் ஐயாவின் கந்தோருக்குப் போனேன். பொலிஷ் அடித்தது என் பிழை, அவர் வேண்டாமென்றார், அவர் குடிக்கிற ஆள் இல்லை. இந்த மூன்றையும் வழியெல்லாம் மனப்பாடம் பண்ணியிருந்தேன். என்னைக் கண்டதும் ஐயாவின் முகம் மலர்ந்தது.

“பாஸ், நல்ல நேரத்துக்கு வந்தீர். மகளின்ட கலியாணத்துக்கு ஒரு அலுமாரி வேணும். படகுக்கு அடிச்ச அதே பொலிஷ்தான் வேணும்.”

என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு வாய் நன்றாகத்தான் திறந்தது.

“எத்தனை அடி உயரம்ங்க ஐயா?” என்று கேட்டேன்.